பதிமூணைத் தாண்டினால்

பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. எல்லாமே ப. உலகத்தில் எத்தனையோ எண்கள் கிடக்க, இந்த எஞ்சின் பிழைப்பதும் சாவதும் மட்டும் ஏன் பத்துக்கும் பதினாலுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது என்று பசுபதி மடியில் லேப்டாப்பைப் பிடித்தபடி யோசித்தார். ஏழு, எட்டு என்று இருந்திருக்கக் கூடாதா. எட்டு நல்ல எண். வாயைத் திறந்தாலே எ வந்துவிடும், மற்றது அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு வரும். இருபது என்றால்கூடப் பரவாயில்லை, நடுவில் வருகிற ப ஒன்றும் செய்யாது. முதலில் நிற்கிற ப தான் ரோட்டுக்குக் குறுக்கே படுத்த எருமை மாதிரி. உதடு இரண்டும் ஒட்டும், நெஞ்சில் காற்று ஏறும், ஏறிக்கொண்டே போகும், வாய் திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பானெட் தூக்கியிருந்தது. கீழே இருந்த சந்து வழியாக மகள் ஆதிரையின் கைகள் மட்டும் தெரிந்தன. ஒரு ரப்பர் குழாயின் கிளாம்பை முறுக்கிவிட்டு, குழாயை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போயின. அவள் இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு அடிவயிற்றில் எதையோ இழுப்பது போலிருந்தது. காலுக்கு நடுவில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் நின்றது. சிவப்பாக, புதுசாக. அது எதற்கு என்று கேட்டபோது அவள் "சும்மா இருக்கட்டுங்கப்பா" என்றாள். சும்மா இருப்பதற்கு எவன் சிலிண்டர் வாங்குவான்.

சங்ககிரிக்கு வெளியே, தொழிற்பேட்டை வரப்போகிறது என்று சொல்லிப் போட்ட ரோடு அது. பேட்டை வரவில்லை, ரோடு மட்டும் வந்து, நேராக ஓடி, சோளக்காட்டுக்கு முன்னால் திடீரென்று நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. தூரத்தில் மலைக்கோட்டை. இந்த வெள்ளைக் காரை அவர் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டியதே கிடையாது. ஆதிரை பத்தாவது படிக்கும்போது வாங்கியது. இந்தக் காரில்தான் அவளைக் காலேஜில் கொண்டுபோய் விட்டார், இதில்தான் மச்சானின் உடம்பு ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பின்னாலேயே வந்தார். சாதுவான கார். அதன் வயிற்றைக் கிழித்து இந்தப் பெண் ஒரு டர்போவைச் சொருகியிருக்கிறாள். உடைப்பதற்கு வந்த டீசல் வேனிலிருந்து கழற்றியது. லாரிச் சாமான் கடையில் வாங்கி வந்து, திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்குக் கம்ப்ரசர் பூட்டுகிற, தான் வேலை செய்கிற கம்பெனியிலேயே குழாய்களை வளைத்து வெல்டு வைத்துக்கொண்டு வந்தாள். நத்தைக் கூடு மாதிரி இருந்தது. "எஞ்சின் விடற புகையே ஒரு விசிறியைச் சுத்துதுங்கப்பா. அந்த விசிறி வெளிக்காத்தை அமுக்கி மறுபடி எஞ்சினுக்குள்ள தள்ளுது. அவ்வளவுதான் டர்போ." காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் போர்ட்டிகோவில் எஞ்சினை ஓடவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த நத்தைக் கூடு இருட்டுக்குள் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது, கொல்லன் உலையில் வைத்த இரும்பு போல. அதற்கு ஒரு சாண் தள்ளி எண்ணெய்க் குழாய். எண்ணெய்க்குப் பக்கத்தில் நெருப்பு. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்ல வந்தது "பயமாயிருக்கு" என்ற வார்த்தை. அதுவும் ப.

இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியது அவர் இல்லை. அவளுடன் வேலை செய்கிற ஜெரால்டு. அவன் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று மேட்டூர் போய்விட்டான். வேறு யாரும் இல்லாததால் அப்பா. பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண். திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்ற கணக்கு. பதினொண்ணு, பன்னெண்டு என்றால் நல்லது. பதிமூணைத் தாண்டினால் காற்று கூடி பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். தாண்டினதும் அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அந்த வேகத்தில் அவளால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. "அதுவே சத்தம் போட்டுச் சொல்லாதா?" என்று கேட்டுப் பார்த்தார். "லேப்டாப் ஸ்பீக்கர் போயிருச்சுங்கப்பா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகச் சொல்வது போல், "பதி எல்லாம் வேண்டாங்க. மூணு, நாலுன்னு கடைசி மட்டும் சொன்னாப் போதும். இல்லீனா விரலைக் காட்டுங்க" என்றாள். அவள் அதை யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதுதான் அவரைக் குத்தியது. "முழுசாவே சொல்றேன் சாமி. நான் என்ன கைக்குழந்தையா" என்று சொல்லிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னார். விரல் அவருக்குப் புதிதா. முப்பது வருஷம் நூற்பாலையில் ஓடியதே விரலில்தான். ஸ்பின்னிங் ஓடுகிற இடத்தில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. மேஸ்திரியும் கைதான், மேனேஜரும் கைதான். அந்தச் சத்தத்துக்குள் நுழைந்ததும் அவர் எல்லோரையும் போல ஆகிவிடுவார். வெளியே வந்தால்தான் நாக்கு. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். எட்டாவதில் வந்த வாத்தியார் இனிமேல் எல்லோரும் "ப்ரசன்ட் சார்" என்று சொல்ல வேண்டும் என்றார். அந்த வருஷம் பாதி நாள் அவர் ஆப்சென்ட், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே. பவானிக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் குமாரபாளையத்துக்கு டிக்கெட் வாங்கி, இறங்கி, காவிரிப் பாலத்தை நடந்தே கடப்பார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடப்பது பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கல்யாணமானதும் சிவகாமி வந்தாள். நல்லவள், பாவம், அவசரக்காரி. இவர் வாய் ஒட்டிக்கொண்டு நிற்பதை அவளால் இரண்டு மூச்சுக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "புட்டுங்களா?" என்பாள். இவர் சொல்ல வந்தது பூரி. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் புட்டைச் சாப்பிடுவார். அப்படி எத்தனை புட்டு. சம்பந்தமே இல்லாத வார்த்தைகளை அடுத்தவர்கள் இவர் வாயில் வைத்துவிடுவார்கள், இவர் அதையே தன்னுடையது என்று எடுத்துக்கொள்வார், ஒரு ஆயுள் ஓடிப்போகும். ஆதிரை மட்டும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே. கண்ணை விலக்காமல், புருவத்தைச் சுருக்காமல், பஸ்ஸுக்கு நிற்பவள் போல நிற்பாள். வார்த்தை வரும்போது வரும். அடுத்த மாதம் புனேயில் வேலைக்குப் போகிறாள். எஞ்சின்களைப் பரிசோதிக்கிற வேலை. போவதற்கு முன்னால் இதை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அவள் போன பிறகு வீட்டில் யார் அப்படி நிற்பார்கள்.

பானெட் சாத்தப்பட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள். கையில் கிரீஸ், நெற்றியில் ஒரு கோடு. "முதல்ல பாதி மிதிக்கிறேங்கப்பா. சும்மா பழகிக்க." கார் கிளம்பியது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், எங்கிருந்தோ மெலிதாக ஒரு விசில். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீற்றம் வருமே, அது மாதிரி. முதுகு சீட்டில் அழுந்தியது. பயம் முதுகுத்தண்டு வழியாக ஏறி நாக்குக்கு வருவதற்குள், அவர் கண்ணை மூடிக்கொள்ளப் போனார், இல்லை, கண்ணுக்குத்தான் வேலை, திரை, திரையைப் பார். 11.4. "இப்ப... பதினொண்ணு" என்றார். வந்துவிட்டது! முன்னால் ஒரு "இப்ப" போட்டால் வருகிறது. "இப்ப பதினொண்ணு. இப்ப... பன்னெண்டு." சொல்லி முடிக்கும்போது திரை மறுபடி பதினொன்றுக்கு வந்திருந்தது. அவருடைய எண்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தன. அவள் காலை எடுத்தாள், கார் மெதுவானது. "நல்லா சொல்றீங்கப்பா." உண்மையாகச் சொல்கிறாளா, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாளா. திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி, லேப்டாப்பைத் தன் பக்கம் வாங்கி, கட்டங்களுக்குள் ஏதோ எண்களை மாற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டிப் படித்த வயதிலும் இப்படித்தான் கடித்துக்கொள்வாள். ரோட்டோரம் இரண்டு ஆடுகள் வந்து நின்று இவர்களைப் பார்த்தன. ஆடு குறுக்கே வந்தால். டயர் வெடித்தால். அந்தச் சிவந்த நத்தை மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால். சிவகாமி கோயிலுக்குப் போயிருக்கிறாள், காரைச் சர்வீசுக்கு விடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஒன்று ஆகிவிட்டால் அவளிடம் போனில் யார் சொல்வது. போனில் எல்லாமே ப. "இந்தத் தடவை முழுசா மிதிக்கிறேன்" என்றாள் ஆதிரை. "மூணாம் கியர்ல, அந்த மைல்கல் வரைக்கும். தண்ணி குடிக்கிறீங்களா?" வேண்டாம் என்று தலையாட்டினார். "கிளம்பு" என்றார். கி நல்ல எழுத்து.

விசில் இந்தத் தடவை விசிலாக இல்லை. அலறியது. கார் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல முன்னே பாய்ந்தது. பதினாறு வருஷம் கூடவே இருந்த பிராணிக்கு இப்படி ஒரு குரல் இருந்ததா என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. "இப்ப பதினொண்ணு." வந்தது. 11.6. "இப்ப பதினொண்ணு." ரோடு முன்கண்ணாடியில் மடிந்து மடிந்து உள்ளே விழுந்தது, ஆடுகள் வெள்ளைக் கோடாகப் போயின. 12.1. "இப்ப பன்னெண்டு." சந்தோஷம் மாதிரி ஒன்று, ஒரே ஒரு கணம், நான் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். 12.8. 13.2. ப. உதடு ஒட்டியது. இப்ப போட மறந்துவிட்டது, இப்ப போட்டிருக்க வேண்டும், இனிப் போட முடியாது, வாய் ஏற்கெனவே ப-வில் பூட்டிவிட்டது. 13.7. மூணு என்று சொல், மூணு, அவள்தான் சொன்னாளே, ஆனால் ம-வும் உதடுதான், உதட்டை யார் திறப்பது. நெஞ்சில் காற்று ஏறியது. "ப்..." என்ற சத்தம் மட்டும் வெளியே வந்தது. அவள் காலை எடுக்கவில்லை. ப் என்றால் பன்னெண்டும் ப், பதினாலும் ப், ஒன்றில் எஞ்சின் இருக்கும், இன்னொன்றில் எஞ்சின் இருக்காது, எது என்று அவளுக்கு எப்படித் தெரியும். எஞ்சினுக்குள் யாரோ தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினார்கள். 14.1. அவளும் அதைக் கேட்டிருப்பாள். தாடை இறுகியது, காது அவர் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் ஒரே நொடியில் புரிந்துகொண்டார், அவள் காத்திருக்கிறாள். எப்போதும் போல. வார்த்தை வரும்போது வரட்டும் என்று. அறுபது வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பொறுமை, முழுக்க மிதித்த காலுடன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கை தானாக உயர்ந்தது. ஓங்கி அவள் தோளுக்குக் கீழே அடித்தார். ஒருநாளும் அடித்ததில்லை, அவள் குழந்தையாக இருந்தபோதுகூட, ஒருநாளும்.

அலறல் அறுந்தது. கார் தானாக உருண்டு, மைல்கல்லைத் தாண்டி, ஓரமாக நின்றது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, இரும்புச் சூட்டு வாசனை உள்ளே வந்தது. "ப..." என்றார் அவர். இப்போது எதற்கு. ஆனால் நிறுத்த முடியவில்லை, பூட்டிய வாய் திறந்தாக வேண்டும். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்போதும் காத்திருந்தாள். "ப... பதினாலு" என்றார். வந்துவிட்டது, முழுதாக, யாருக்கும் வேண்டாத நேரத்தில். "ஆமாங்கப்பா" என்றாள், திரையைப் பார்த்துவிட்டு. அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், ஆனால் எதிரில் இருந்தது அவள். "உனக்குக் கேட்டுதில்ல? உள்ளே கல்லு உருட்டற சத்தம் கேட்டுதில்ல?" "கேட்டுச்சு." "அப்பறம் ஏன் காலை எடுக்கலை?" "நீங்க சொல்லிட்டு இருந்தீங்க." "அதுக்காக? நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எஞ்சின் போயிருந்தா?" "போயிருக்கும்" என்றாள் சாதாரணமாக. பிறகு குரல் கொஞ்சம் கம்மியது. "அம்மா மாதிரி நானும் வார்த்தையை எடுத்துக் குடுத்துட்டா, அப்பறம் நீங்க எங்கிட்டயும் பேச மாட்டீங்க." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சோளக்காட்டில் காற்று அடித்தது. அது பொய்யில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆனால் அதற்காக ஒரு எஞ்சினை எரிப்பாளா, இத்தனை மாதம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் குனிந்து நின்று பூட்டியதை, ஒரு ப-வுக்காக. இந்தப் பெண்ணிடம் இவ்வளவு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டிருந்தோமா.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். சூடு தணியக் காத்திருந்து ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் பக்கத்தில் நின்று, அவள் நீட்டியதை ஒரு துணியில் வாங்கி வரிசையாக வைத்தார். அவள் கையில் அவருடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன, ஸ்பேனரைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தடம் திரும்பி அவரைப் பார்த்தது. முதல் பிளக் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதை வெயிலில் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த வெகுநேரத்தில் அவர் காரை விற்றார், சிவகாமியிடம் பொய் சொன்னார், மகளை முகம் வாடிப் புனேவுக்கு ரயிலேற்றினார். "வெள்ளை மேல மிளகுத்தூள் மாதிரி தெரியுதுங்களா? பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியம்" என்றாள். "போச்சா?" என்றார். கேட்டுவிட்ட பிறகுதான் ப சறுக்கி வெளியே வந்துவிட்டதைக் கவனித்தார். "இல்லீங்க. ரெண்டே புள்ளிதான். இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தா போயிருக்கும். நல்லா அடிச்சீங்க." சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்ப்பால் அதற்கு மேல் தள்ள முடியவில்லை என்று விளக்கினாள். பெரிய பம்ப் போடுகிற வரைக்கும் காற்றைத்தான் குறைக்க வேண்டும். டர்போவின் பக்கத்திலிருந்த கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினாள், இனி அந்த அளவுக்குக் காற்று ஏறாதாம். மூன்றாவதுக்குப் புது பிளக் ஒன்றை மாட்டி மற்றதையும் இறுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல், "வீட்டுக்குப் போலாங்களா? அடுத்த வாரம் ஜெரால்டு வந்துருவான்" என்றாள்.

இது இரக்கமா, களைப்பா. தலையாட்டிவிட்டால் போதும், சுலபம், புட்டுக்கு ஆட்டியது போல. காலடியில் கருங்கல் ஜல்லி, அதில் ஒரு எறும்பு வரிசை. தலை ஆடப்போனது. "சாவி குடு" என்றார். அவளுக்குப் புரியவில்லை. "நான் ஓட்டறேன். நீ நம்பரைப் படி." அவள் கண்கள் பெரிதாயின. "அப்பா, நீங்க அறுபதுக்கு மேல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சாவியைக் கொடுத்தாள். சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். காருக்குள் எல்லாம் பழைய இடத்தில்தான் இருந்தது, கியரின் வழுவழுப்பு, கிளட்சின் அந்தச் சின்ன முரண்டு. மெதுவாகத் திருப்பி, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து, மறுபடி மைல்கல்லைப் பார்க்க நிறுத்தினார். முதல் கியர். இரண்டு. மூன்று. மிதித்தார். இன்னும் மிதித்தார். கால் பாதியில் நின்றது, பாதத்துக்கு அதற்குக் கீழே இடம் இருப்பதே தெரியவில்லை, இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. "முழுசாங்கப்பா" என்றாள் அவள். தரை வரைக்கும் அழுத்தினார். விசில் எழுந்தது. முன்னைவிடத் தணிந்த குரல், ஆனாலும் குரல். மலைக்கோட்டை நேரே வந்தது. "பதினொண்ணு" என்றாள். "பதினொண்ணு. பதினொண்ணு. பன்னெண்டு." என்ன சுலபமாகச் சொல்கிறாள், பட்டாணி உரிப்பது போல. "பன்னெண்டு." ஸ்டியரிங் கையில் துடித்தது. ஆடு இல்லை, ரோட்டில் யாரும் இல்லை. "ப..." என்றவள் நிறுத்தினாள். எண் தாவியிருக்க வேண்டும், அல்லது திரையில் வெயில் அடித்திருக்க வேண்டும், கண்ணை இடுக்கிக் குனிந்தாள். அந்த ப அப்படியே காருக்குள் நின்றது. பன்னெண்டா, பதிமூணா, பதினாலா. எடு, எடு, காலை எடு என்று உடம்பு முழுதும் கத்தியது. முழங்கால் அவரைக் கேட்காமல் மேலே எழப் பார்த்தது. காதில் கல் சத்தம் இருக்கிறதா, இல்லையா, விசிலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மைல்கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் காலை எடுக்கவில்லை. கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, மகள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"பன்னெண்டு" என்றாள்.